கவிழ்த்து வைத்த கை

அத்தியாயம் ஏழு

"பதினெட்டு," என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"நேத்தும் பதினெட்டுதான். இன்னிக்குள்ள குட்டி போட்டிருக்கும்னு நினைச்சியா பாப்பா?" என்றார் அண்ணி, கடைசிப் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு ஐம்பத்தாறு வயசு. இருபத்தாறு வருஷம் சீருடை போட்டுக் கழற்றியாகிவிட்டது. அப்படிப்பட்ட ஒருவரை 'பாப்பா' என்று கூப்பிடும் தைரியம் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்டு. அது அவருடைய அண்ணனின் மனைவி. தபால் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். எந்தக் கோழிக்கிறுக்கல் கையெழுத்தையும் படித்துவிடுவார் என்பதற்காகத் இன்ஸ்பெக்டரம்மா தன் துப்பறியும் அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டது. வாய் இலவச இணைப்பு.

 இன்ஸ்பெக்டரம்மாவுக்கு அலுப்பாக இருந்தது. கால் வலியினால் வந்த அலுப்பு பாதி. மீதிப் பாதி, மனிதர்கள் பொய் சொல்வதைக் கேட்டுக் கேட்டு வந்தது. இந்த வழக்கில் நாலு பேரை விசாரித்தாயிற்று. நாலு பேருமே நல்லவர்கள். நல்லவர்கள் சொல்லும் பொய்தான் கண்டுபிடிக்கக் கஷ்டம்.

டீச்சர் விழுந்து இன்றோடு மூன்றாம் நாள்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் அல்ல. கீழே டைல்ஸ் கடை, மேலே சீட்டு கிளப். அந்தக் கிளப்பில் சனிக்கிழமை மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை, புதிதாக வருகிறவர்களுக்குப் போக்கர் சொல்லிக்கொடுக்கும் அறுபத்திரண்டு வயதுக்காரர். காசு வைத்து ஆட விடமாட்டார். பழைய சட்டைப் பொத்தான்கள்தான் பந்தயம். போன சனிக்கிழமை மூணேகால் மணிக்கு, "நீங்களே போட்டு ஆடிட்டிருங்க, இதோ வந்துடறேன்" என்று எழுந்து போனார். மூணே முக்காலுக்கு இந்தப் பின்பக்கப் படிக்கட்டின் அடியில் தலையில் ரத்தத்தோடு கிடந்தார். ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

போலீஸ் பிடித்து வைத்திருப்பது அவருடைய மருமகனை. அவரும் அந்த மேஜையில் சீட்டு கற்றுக்கொள்கிறவர்தான். சனிக்கிழமை காலையில் அவர் மாமியாரைப் பார்த்துக் கத்தியதைப் பக்கத்து வீட்டு பேக்கரிக்காரர் கேட்டிருக்கிறார்: "இனிமே அந்தப் படியில கால் வெச்சீங்கன்னா நடக்கறதே வேற!" மத்தியானமே மாமியார் படியில் உருண்டுவிட்டார். போலீஸுக்கு இதைவிட என்ன வேண்டும்? நாளைக் காலையில் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள்.

அவர் ஏன் கத்தினார் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். அவருடைய மனைவி, அதாவது டீச்சரின் மகள், பாலம் கட்டும் இன்ஜினியர். ஒரு கண்ணில் அம்மாவும் மறு கண்ணில் புருஷனுமாக அழுதுகொண்டு அலுவலகத்துக்கு வந்து நின்றதால்தான் இந்தப் படியை மூன்றாவது முறை எண்ண வேண்டியிருக்கிறது.

டைல்ஸ் கடைக் கவுன்டர் பெண் எட்டிப் பார்த்தாள். "மறுபடியும் கேக்கணுமா மேடம்?"

"மறுபடியும் சொல்லும்மா."

"டீச்சர் பேருக்குப் பார்சல் வந்திருந்துச்சு. இந்தப் படி வழியா இறங்கி வந்தாங்க. கையெழுத்து எங்க போடணும்னு கேட்டாங்க, காட்டினேன். கோட்டை விட்டுட்டு வெளியில போட்டாங்க. பரவால்ல டீச்சர்னேன். பார்சலை வாங்கிட்டு மறுபடி மேல போனாங்க. கொஞ்ச நேரத்துல தடதடன்னு சத்தம்."

"கூட யாராவது?"

"நான் இங்கேருந்து படியைப் பார்க்க முடியாதே மேடம்."

பார்சல் இப்போது அண்ணியின் பையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த சாமான்களோடு மகள் கொண்டுவந்து தந்தது. கண்ணாடித்தாள் உறைகூடப் பிரிக்காத ஒரு புதுச் சீட்டுக்கட்டு. அண்ணி அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நம்பரைப் பாரேன். பஸ்ஸுக்கு முன்னாடி எழுதற மாதிரி போட்டிருக்கான். தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கறவன்கூட என் கையில என்ன இருக்குன்னு சொல்லிடுவான்."

"உள்ளே வைங்க அண்ணி. மேலே போகலாம்."

"இன்னொரு பதினெட்டா!"

*

கிளப் அறையில் பல் டாக்டரம்மா காத்திருந்தார். ஓய்வு பெற்றவர். மேஜையில் அன்றைக்கு உட்கார்ந்திருந்த நாலு பேரில் ஒருவர். மற்ற மூவர்: மருமகன், பேக்கரிக்காரர், கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரர்.

சுவரில் கரும்பலகை. பத்து வரி எழுதக்கூடிய பலகையில் இரண்டே வரி, கொட்டை எழுத்தில் நிரப்பிக்கொண்டு நின்றது.

'ஏஸும் ரெண்டும் சேர்ந்து வந்தால் உட்கார்.
நடுச்சீட்டு வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடி.'

"எனக்கு ரம்மி தவிர ஒண்ணும் தெரியாது," என்றார் அண்ணி. "பல் பிடுங்கற மாதிரி இல்லாம, வலிக்காம சொல்லுங்க டாக்டர்."

டாக்டரம்மா சிரித்தார். "கையில நாலு சீட்டு. மேஜை நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு. கையிலேருந்து ரெண்டு, பொதுவிலேருந்து மூணு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. குவிஞ்சு கிடக்கற பொத்தான்ல பாதி, பெரிய கை வெச்சிருக்கறவங்களுக்கு. மீதிப் பாதி, சின்னக் கை வெச்சிருக்கறவங்களுக்கு."

"சின்னக் கைக்குமா பரிசு? நல்ல ஊரா இருக்கே."

"சின்னதுன்னா சும்மா இல்ல. அஞ்சும் வேற வேற நம்பரா இருக்கணும், எட்டைத் தாண்டக் கூடாது. ஏஸ்தான் எல்லாத்துக்கும் மேல. பெரிய கையில அது தலைச்சீட்டு. சின்னக் கையில அது வெறும் ஒண்ணு."

"மேடையிலயும் பேசும், பந்தியிலயும் முதல் வரிசையில உட்காரும். புரியுது. நடுச்சீட்டுன்னா?"

"ஏழு, எட்டு, ஒம்பது, பத்து. பெரிய பக்கமும் நிக்காது, சின்ன பக்கமும் நிக்காது. ஆசை காட்டிட்டு நடுவழியில கைவிட்டுடும். புதுசா வர்றவங்க தோக்கறதே அதை வெச்சுக்கிட்டுத்தான். எதை வெச்சுக்கறதுன்னு தெரியறதைவிட, எதைக் கவிழ்த்துட்டு எழுந்து போகணும்னு தெரியறதுதான் இந்த ஆட்டமே. டீச்சர் அதைத்தான் மூணு மாசமா சொல்லித் தர்றாங்க."

"ஆசை காட்டிட்டு நடுவழியில கைவிடற சீட்டு," என்றார் அண்ணி. "எங்க வீட்டுக்காரர் ஜாடை."

"அவர் என் அண்ணன்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"அதனாலதான் உன்கிட்ட விளக்கம் சொல்லாம விட்டேன்."

இன்ஸ்பெக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டாக்டர், அன்னிக்கு எழுதின தாள் இருக்குன்னீங்களே?"

டாக்டரம்மா நாலு தாள்களை நீட்டினார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி. வந்த நாலு சீட்டு, உட்கார்ந்தாரா கவிழ்த்தாரா, ஏன்.

"இதை அவங்கவங்களே எழுதுவீங்களா?"

"இல்ல. ஆட்டம் முடிஞ்சதும் அவங்கவங்க சீட்டை வாய்விட்டுப் படிக்கணும். பக்கத்துல இருக்கறவர் எழுதணும். கண்ணாடிக்காரருக்கு நான் எழுதுவேன். டீச்சர் உட்கார்ந்த இடத்திலேருந்தே கேட்டுட்டு, யார் சரி யார் தப்புன்னு சொல்லுவாங்க. முன்னாடியெல்லாம் பின்னால வந்து நின்னு எட்டிப் பார்ப்பாங்களாம். இந்த வருஷம்தான் இப்படி மாத்தினாங்கன்னு பழைய ஆளுங்க சொன்னாங்க."

மருமகனின் தாளைப் போலீஸ் ஏற்கெனவே பிரதி எடுத்து வைத்திருக்கிறது. டீச்சர் வெளியே போன பிறகு நடந்த ஐந்து, ஆறு, ஏழாவது ஆட்டங்கள் மூன்றிலும் அவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு அறையை விட்டு வெளியே போயிருக்கிறார். சுமார் அரை மணி நேரம். எங்கே போனாய் என்றால், தண்ணீர் குடித்தேன் என்கிறார்.

"படிங்க அண்ணி."

"அஞ்சாவது ஆட்டம். ராஜா, ஒம்பது, எட்டு, ஆறு. ஆறாவது, ஜாக்கி, ஒம்பது, ஒம்பது, ஏழு. ஏழாவது, பத்து, எட்டு, ஏழு, மூணு. அடப்பாவமே, இந்த மனுஷனுக்குச் சீட்டுக்கூட மாமியார் வீட்டுச் சாப்பாடு மாதிரி வந்திருக்கே."

"மூணுமே கவிழ்க்க வேண்டிய கைதானே டாக்டர்?"

"சந்தேகமே இல்ல."

"அந்த மூணு ஆட்டத்துக்கும் சீட்டைக் கலைச்சுப் போட்டது யாரு?"

"நானும் பேக்கரிக்காரரும் மாத்தி மாத்தி."

"அப்போ ஏஸும் ரெண்டும் வந்திருந்தா அவர் உட்கார்ந்திருப்பார். கொலை பண்ணப் போறவன், அடுத்தவங்க கலைச்சுப் போடற சீட்டை நம்பியா இருப்பான்?" இன்ஸ்பெக்டரம்மா கண்களைத் தேய்த்துக்கொண்டார். "இவர் பாடத்தைக் கேட்டு எழுந்து போனவர். எனக்கு வேண்டியது பாடத்தை மீறி எழுந்து போனவர். மத்த தாளையும் படிங்க."

அண்ணி படித்துக்கொண்டே போனார். டாக்டரம்மாவின் தாள். பேக்கரிக்காரரின் தாள். ஐந்து நிமிஷம் ஏஸும் ஏழும் ராணியுமாக ஓடியது. இன்ஸ்பெக்டரம்மா தூங்கிவிட்டாரோ என்றுகூட டாக்டரம்மாவுக்குத் தோன்றியிருக்கும்.

"இது கண்ணாடிக்காரர் தாள். ரெண்டாவது ஆட்டம். ஏஸ், ரெண்டு, ஒம்பது, ஜாக்கி. உட்கார்ந்தார். காரணம், 'ஏஸும் ரெண்டும் இருக்கு, மத்தது சுமார்தான், இருந்தாலும் விடக் கூடாது.' பாதி பொத்தான் ஜெயிச்சிருக்கார்." அண்ணி எச்சில் தொட்டுத் தாளைத் திருப்பினார். "ஆறாவது. ஏஸ், ரெண்டு, மூணு, ராஜா. ஏஸும் ராஜாவும் ஒரே இஸ்பேட். கவிழ்த்தார். காரணம் போட வேண்டிய இடம் காலி."

இன்ஸ்பெக்டரம்மாவின் கண் திறந்தது.

"மறுபடி."

"ஏஸ், ரெண்டு, மூணு, ராஜா. கவிழ்த்தார்."

"அது நல்ல கையா டாக்டர்?"

"நல்லதாவது! மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் ஒரு தடவை வராது. சின்னதுக்கு ஏஸ், ரெண்டு, மூணு. பெரிசுக்கு ஒரே இஸ்பேட்ல ஏஸும் ராஜாவும். ரெண்டு பக்கமும் வேலை செய்யற கை. எனக்குப் பொறாமையாவே இருந்துச்சு. புது ஆள், கவனிச்சிருக்க மாட்டார்னு விட்டுட்டேன்."

"சுமாரான ஏஸ் ரெண்டையே விடாதவர், இதைக் கவனிக்கலையா? ஆட்டம் முடிஞ்சு அவர் வாய்விட்டுப் படிச்சாரா?"

டாக்டரம்மா யோசித்தார். "இல்ல. அவர் சீட்டு கவிழ்ந்து கிடந்துச்சு. நானே திருப்பிப் பார்த்து எழுதினேன். அந்த ஆட்டத்துல பேக்கரிக்காரர் கையிலேருந்து மூணு சீட்டு எடுத்துக்கிட்டு, தான்தான் ஜெயிச்சேன்னு ஒரே சண்டை. பத்து நிமிஷம் ஆயிடுச்சு. அப்போ கண்ணாடிக்காரர்..." அவர் குரல் தணிந்தது. "அடுத்த ஆட்டத்துக்கு நாற்காலியில இருந்தார். நடுவுல எங்க இருந்தார்னு எனக்குத் தெரியாதுங்க. போலீஸ் அதைக் கேக்கவே இல்ல."

அண்ணி தாள்களை மடித்தார். "லாட்டரி விழுந்த சீட்டைக் குப்பையில போட்டுட்டு ஒருத்தர் ஓடறார்னா, ஒண்ணு வயித்துக் கோளாறு. இல்லன்னா வாசல்ல யாரோ காத்திருக்காங்க."

இன்ஸ்பெக்டரம்மா எழுந்து கரும்பலகையை இன்னொரு முறை பார்த்தார். இரண்டே வரி. ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம்.

*

கண்ணாடிக்காரர் ஒல்லியான மனிதர். அறுபதைத் தொட்டிருப்பார். கடையில் வேறு யாரும் இல்லை. அண்ணி ஒரு சிவப்புச் சட்டத்தை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் தன்னைப் பார்த்து, "இதுல நான் புத்திசாலி மாதிரி தெரியறேன். ஏமாத்துக் கடை போல இருக்கே," என்றார்.

"எனக்குக் கண் பார்க்கணும்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "நிஜமாவே எரியுது."

நாற்காலி சாய்மானமாக, மெத்தென்று இருந்தது. உட்கார்ந்ததும் அவருக்கு எழுந்திருக்கவே மனசில்லை. கண்ணாடிக்காரர் கனமான சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் வைத்து, ஒரு வில்லையைச் செருகினார். சுவரில் எழுத்துப் பலகை.

"மேலேருந்து படிங்க."

"ஏஸ்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "ரெண்டு. மூணு. ராஜா."

வில்லையை மாற்றப் போன கை அந்தரத்தில் நின்றது.

"அந்தக் கையைக் கவிழ்த்துட்டுப் பின்பக்கப் படிக்குப் போனீங்க. அங்க டீச்சர் இருந்தாங்க."

கண்ணாடிக்காரர் வில்லையை மெதுவாகப் பெட்டியில் வைத்தார்.

"சொல்லிடுங்க சார்," என்றார் அண்ணி, சிவப்புச் சட்டத்தைக் கழற்றாமலே. "நீங்க தனியாள், அவங்களும் தனியாள். காதல்னா வெட்கப்பட என்ன இருக்கு? இந்த வயசுல கையைப் பிடிச்சாத்தான் படியிலயே ஏற முடியுது."

"சீச்சீ, அதெல்லாம் இல்லம்மா." அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

"நான் சொல்றேன், சரியா தப்பா மட்டும் சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "பலகையில ரெண்டு வரிக்கு மேல எழுத அவங்களுக்கு இடம் பத்தல. சீட்டை எட்டிப் பார்க்கறதை நிறுத்திட்டு வாய்விட்டுப் படிக்கச் சொன்னாங்க. கையெழுத்தைக் கோட்டுக்கு வெளியில போட்டாங்க. டீச்சருக்குக் கண் போயிட்டிருக்கு."

கண்ணாடிக்காரர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அப்படியே பேசினார்.

"ஏழு மாசமா. என்கிட்டதான் முதல்ல வந்தாங்க. பவர் மாத்தினா சரியாகிடும்னு நினைச்சாங்க. இது பவர் சமாசாரம் இல்லன்னு பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் அனுப்பினேன். பொண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு ரிப்போர்ட்டை என் கடைக்கே வர வெச்சாங்க. பொண்ணுக்கு வெளியூர்ல பெரிய பாலம் கட்டற வேலை கிடைச்சிருக்கு, அடுத்த மாசம் போகணும். பத்து வருஷம் காத்திருந்த வேலை. தெரிஞ்சா என்னை விட்டுட்டுப் போக மாட்டா, அவ போன பிறகு சொல்லிக்கலாம்னாங்க."

"ரிப்போர்ட் சனிக்கிழமை வந்துச்சு."

"ஆமா. ஆறாவது ஆட்டத்துக்குச் சீட்டைப் போடும்போது, கதவோரம் நின்னு சைகை காட்டினாங்க. கையில என்ன வந்துச்சுன்னுகூட நான் பார்க்கல. போய் மாடிப்படி முனையில நின்னு படிச்சுக் காட்டினேன். இனிமே சரி பண்ண முடியாது, ஒரு வருஷத்துக்குள்ள முழுசா போயிடும்னு போட்டிருந்தாங்க. கேட்டுட்டு, சரி, நீங்க போய் ஆடுங்க, நான் அஞ்சு நிமிஷத்துல வரேன்னாங்க. நானும் வந்துட்டேன்." அவர் கையை எடுத்தார். கண் சிவந்திருந்தது. "அப்படி ஒரு சேதியைச் சொல்லிட்டு, படி ஓரத்துல தனியா விட்டுட்டு வந்துட்டேங்க. ஏழாவது ஆட்டம் நடக்கும்போதே கீழே கூச்சல்."

அண்ணி சிவப்புச் சட்டத்தை மெதுவாகக் கழற்றி வைத்தார்.

"அவங்க மருமகனை உள்ள வெச்சிருக்காங்க. அதுக்கப்புறமும் எப்படிச் சும்மா இருந்தீங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா. குரலில் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

"ரெண்டு நாளா ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போயிட்டுப் போயிட்டுத் திரும்பினேன். உண்மையைச் சொன்னா, அடுத்த கேள்வி என்ன வரும்? அவங்க விழுந்தாங்களா, இல்ல..." அவரால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை. "எனக்கே தெரியல. அந்தப் பொண்ணு காலம் முழுக்க அதை நினைச்சுக்கிட்டே இருக்குமே. அதுக்கு இது மேல்னு தோணிச்சு. சாட்சி இல்ல, ரெண்டு நாள்ல விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்."

இன்ஸ்பெக்டரம்மா சோதனைச் சட்டத்தைத் தானே கழற்றினார். "அண்ணி, அந்தப் பையைக் குடுங்க."

சீட்டுக்கட்டை அவர் மடியில் வைத்தார். கண்ணாடிக்காரர் அதை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது எங்கேருந்து..."

"உங்ககிட்ட ரிப்போர்ட் கேட்டதுக்கப்புறம், அவங்க அந்தப் படியில இறங்கினாங்க. கீழே டைல்ஸ் கடையில கையெழுத்துப் போட்டு இந்தப் பார்சலை வாங்கினாங்க. வாங்கிட்டு மறுபடி மேல ஏறினாங்க. அப்பதான் விழுந்தாங்க. இருட்டிட்டு வர்ற கண்ணு. ஒரு படி தப்பிடுச்சு. சாகணும்னு நினைக்கறவங்க, பெரிய நம்பர் போட்ட சீட்டை வாங்கிட்டு வகுப்புக்குத் திரும்பி ஏற மாட்டாங்க சார்."

கண்ணாடிக்காரர் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன மாசம் நான்தான் சொன்னேன், இப்படி ஒண்ணு கிடைக்கும்னு. என்னைக் குருடின்னு ஊருக்குப் பறை அடிக்கறீங்களான்னு ரெண்டு வாரம் பேசல." உறையை விரலால் தடவினார். "வாங்கிட்டாங்களா? வாங்கியே இருந்தாங்களா?"

அவர் அழுது முடிக்கட்டும் என்று இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். பிறகு அவரே எழுந்து கடை விளக்கை அணைத்தார்.

"ஸ்டேஷனுக்குப் போகலாங்க."

*

ஸ்டேஷன் அதிகாரி ஒரு காலத்தில் இன்ஸ்பெக்டரம்மாவிடம் வேலை பழகியவர். கண்ணாடிக்காரர் சொன்னதை முழுவதும் எழுதி வாங்கினார். டைல்ஸ் கடைக்குப் போன் போட்டுப் பார்சல் விஷயத்தை உறுதி செய்துகொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

"சரி மேடம். ஆனா அந்த மிரட்டல்? படியில கால் வெச்சா நடக்கறதே வேறன்னு கத்தினாரே, அது?"

"அவரையே கூப்பிட்டுக் கேளுங்க. இப்போ சொல்லுவார்."

மருமகனை அழைத்து வந்தார்கள். இரண்டு நாள் தாடி, கசங்கிய சட்டை. அதே நேரம் வாசலில் ஆட்டோ நின்று, டீச்சரின் மகள் ஓடிவந்தாள். போன் போட்டு வரச் சொன்னது அண்ணிதான். விடுதலைச் செய்தி கேட்டு வருகிறவள் முகமாக அது இல்லை.

"அம்மா கண்ணு முழிச்சிட்டாங்க," என்றாள் புருஷனைப் பார்த்து. "ஒரு மணி நேரம் ஆச்சு. கட்டில் காலடியில நின்னுட்டிருந்தேன். என்னையே உத்துப் பார்த்தாங்க. பார்த்துட்டு, 'யாரு?'ன்னு கேட்டாங்க. பெத்த பொண்ணை யாருன்னு கேட்டாங்க. தலையில அடிபட்டதுல எல்லாம் மறந்துபோச்சு. எனக்குத் தாங்கல. வாயைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடிவந்துட்டேன்."

 கண்ணாடிக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். "உன்கிட்ட நான் ஒண்ணு சொல்லணும்மா. டீச்சருக்குக் கண்ணு..."

"தெரியும்," என்றார் மருமகன்.

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"மூணு மாசமா எனக்குத் தெரியும். ஒருநாள் சாம்பார்க் கரண்டியைத் தண்ணிக் குடத்துல விட்டாங்க. கேட்டேன். அழுதாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. சீட்டு கத்துக்கறேன்னு நான் அந்தக் கிளப்புக்குப் போனதே, அவங்க படி ஏறி இறங்கறப்போ பின்னால நிக்கறதுக்குத்தான். சனிக்கிழமை காலையில, இனிமே அந்தப் படியில கால் வெச்சீங்கன்னா நடக்கறதே வேற, உங்க பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்னு கத்தினேன். பேக்கரிக்காரர் பாதியைத்தான் கேட்டார்." அவர் தலை குனிந்துகொண்டார். "அன்னிக்கு மூணு ஆட்டமும் நடுச்சீட்டு. நல்லதாப் போச்சுன்னு முன்பக்கப் படியில போய் நின்னேன், அத்தை இறங்கினா பிடிச்சுக்கலாம்னு. என்னை ஏமாத்திட்டுப் பின்பக்கமா போயிட்டாங்க."

"ரெண்டு நாள் உள்ள உட்கார்ந்தீங்களே, எங்ககிட்ட சொல்றதுக்கென்ன?" என்றார் அதிகாரி.

"சத்தியம் பண்ணியிருக்கேனே சார். கண்ணு முழிச்சதும் அவங்களே சொல்லட்டும்னு இருந்தேன்."

மகள் ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தாள். புருஷனை. கண்ணாடிக்காரரை. இன்ஸ்பெக்டரம்மாவை.

"அப்போ," என்றாள், "இத்தனை பேர்ல கண்ணு தெரியாதவ நான் ஒருத்திதானா?"

 எப்போதும் ஏதாவது பேச்சைத் தயாராக வைத்திருக்கும் அண்ணி, அவளுக்கு ஒரு நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டார்.

மருமகன் மெதுவாகக் கேட்டார். "அத்தை யாருன்னு கேட்டப்போ, நீ பேசினியா?"

"இல்ல. சொன்னேனே, வாயைப் பொத்திக்கிட்டு..." அவள் நிறுத்தினாள். கை தானாகக் கைப்பையைத் துழாவியது. போனை எடுத்து எண்ணை அழுத்தும்போது விரல் இரண்டு முறை வழுக்கியது. "சிஸ்டர், நான்தான். அம்மா காதுல கொஞ்சம் வைக்கிறீங்களா?"

காத்திருந்தாள். இன்ஸ்பெக்டரம்மா பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டார். இருபத்தாறு வருஷத்தில் இந்த மாதிரி அறைகளில் எத்தனையோ பேர் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்தாயிற்று. இருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"அம்மா," என்றாள் மகள்.

 அந்தப் பக்கத்திலிருந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, தேய்ந்துபோன ஒரு குரல் வந்தது.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? யாரோ ஒருத்தி கால்மாட்டுல நின்னு பேசாம முறைச்சுக்கிட்டே இருந்தா. எனக்குப் பயமாப் போச்சு. சீக்கிரம் வா."